தம்பி வீட்டுக்கு வந்தான்

(பாசிர் ரிஸ் குடியிருப்பாளர்களிடையே ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



நான் மெதுவாகத்தான் பேசுவேன். நடுவில் ஒரு சொல் சிக்கிக்கொண்டால் கொஞ்சம் பொறுங்கள், வந்துவிடும். யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். அந்தச் சொல்லை நானே தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் பயிற்சி.

2022 ஜூன் மாதத்தில் ஒரு காலை. பசியாறத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டி கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனேன், கை வரவில்லை. நல்லவேளையாக வாசல் கதவு திறந்திருந்தது. எதிர்வீட்டு மலாய் அக்கா சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். என் வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததைப் பார்த்த உடனேயே 995க்கு அழைத்துவிட்டார். மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு வந்தால், கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பார்கள். அந்தக் கணக்குக்குள் என்னைக் கொண்டுசேர்த்தவர் அவர். அவர் உடம்புக்கு முடியாததால் இன்று வரவில்லை. அவருக்கு என் முதல் வணக்கம்.

அடைப்பு மூளையின் இடப்பக்கம். அதனால் வலக்கை போயிற்று, வலக்கால் போயிற்று, பேச்சும் போயிற்று. பேச்சு போயிற்று என்றால் நாக்கு குழறியது மட்டும் இல்லை. சொற்களே இல்லை. எதிரில் இருப்பது தண்ணீர் என்று தெரிகிறது, தாகமும் எடுக்கிறது, அதற்குப் பெயர் மட்டும் வரவில்லை. இதை அஃபேசியா என்கிறார்கள். 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர், 'டான்' என்ற ஓரசையைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாத ஒரு நோயாளியைப் பார்த்தார். அந்த மனிதர் இறந்தபின் மூளையைச் சோதித்து, பேச்சு உருவாகும் இடம் இடப்பக்க முன்பகுதி என்று உலகுக்குச் சொன்னார். 'டான்' என்று மட்டுமே சொல்லிக்கொண்டு எத்தனையோ ஆண்டுகள் மருத்துவமனையில் கிடந்த அந்த மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர் யாருக்கு என்ன சொல்ல நினைத்தாரோ!

நாற்பது ஆண்டுகள் தமிழ் சொல்லிக் கொடுத்தவளுக்குத் தமிழ் இல்லாமல் போயிற்று. ஆனால் ஓர் அதிசயம். கேள்வி கேட்டால் பதில் வராது. ஆத்திசூடியைத் தொடங்கிவிட்டால் வரிசை பிசகாமல் வந்தது. வாய்ப்பாடு வந்தது. கிழமைகள் வந்தன. மனப்பாடமாகப் பதிந்தவை மூளையில் வேறு வழியாக வெளியே வருகின்றன என்று பேச்சுப் பயிற்சி தந்த பெண் விளக்கினார். ஔவைப் பாட்டியைச் சொல்ல முடிந்த எனக்கு, 'முதுகு வலிக்கிறது, திருப்பிப் படுக்க வை' என்று சொல்லத் தெரியவில்லை.

என் மகன் அப்போது ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருந்தான். எனக்கு ஒரே பிள்ளை. அவனை நான் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவேன். அவன் அப்பா காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. பெர்த்துக்கும் நமக்கும் விமானத்தில் ஐந்து மணி நேரம். கடிகாரத்தில் வித்தியாசமே கிடையாது. நான் ஒன்பது மணிக்குப் பேசினால் அவனுக்கும் ஒன்பது. அதனாலேயோ என்னவோ, அவன் தூரத்தில் இருப்பதாகவே எனக்குத் தோன்றியதில்லை. அன்று இரவே வந்து சேர்ந்தான். சாங்கி பொது மருத்துவமனையில் நான் கண் திறந்தபோது கட்டிலருகில் நின்றான். இரண்டு வாரம் விடுப்பு என்றான்.

இரண்டு வாரம் முடிந்ததும் பெர்த்துக்குப் போனான். நான்காம் நாள் திரும்பி வந்தான். கையில் இரண்டு பெரிய பெட்டிகள், ஒரு பழைய கிரிக்கெட் மட்டை. அங்கே வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டான், வேலையையும் விட்டுவிட்டான். இதையெல்லாம் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் சொல்ல வாயில்லை. அந்தப் பெட்டிகளைப் பார்த்ததும்தான், நோய் வந்தபின் என் வாயிலிருந்து தெளிவாக ஒரு சொல் வந்தது. 'போ' என்ற சொல்.

'உன் பிழைப்பைப் பார்க்கப் போ' என்று சொல்ல நினைத்தேன். வந்தது அந்த ஓர் எழுத்து. "எங்கம்மா போறது?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியைப் பிரிக்கத் தொடங்கினான்.

பிள்ளைகளுக்குப் பெற்றோர்மீது இருக்க வேண்டிய நன்றியைப் பற்றிப் பேச நம்மிடம் ஆளுக்குப் பஞ்சமில்லை. நானே வகுப்பில் வருடம் தவறாமல் பேசியிருக்கிறேன். இன்று மறுபக்கத்தைப் பேச வந்திருக்கிறேன். வளர்ந்த பிள்ளை தன் வாழ்க்கையை நிறுத்திவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், பெற்றவர் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்ல வேண்டும்?

என்னைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். "பெத்தவளுக்குப் பிள்ளை செய்யாம வேற யாரு செய்வா? கடமைதானே!" அவர்கள் அன்போடுதான் சொன்னார்கள். அவனும் தலையை ஆட்டிக்கொண்டான். படுத்துக் கிடந்த எனக்குத்தான் அந்தச் சொல் முள்ளாகக் குத்தியது. கடமை என்று பெயர் வைத்துவிட்டால், செய்யத் தவறும் நாளில்தான் அது கண்ணுக்குத் தெரியும். நூறு இரவு எழுந்து வந்தவன் கண்ணில் படமாட்டான். நூற்றோராவது இரவு தூங்கிப்போனால், 'கூப்பிட்டேன், வரவில்லை' என்று அது மட்டும் மனத்தில் நிற்கும். ஏற்கெனவே நமக்குக் கடன்பட்டவன் என்று முடிவு கட்டிவிட்டால் நன்றி சொல்ல என்ன இருக்கிறது? வாங்கிக்கொண்டு போகலாம். நான் அப்படி வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று அப்போதே மனத்துக்குள் தீர்மானித்தேன். அவன் கொடுத்தது கொடை.

திருக்குறளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் அதிகாரம் மக்கட்பேறு. தந்தை மகனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு குறள் இருக்கிறது. மகன் தந்தைக்கு என்ன செய்ய வேண்டும் என்று கடைசிக் குறள் இருக்கிறது. ஊரார் வியந்து பேசும்படி அவன் நடந்துகொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. வயதான தாய்க்கு மகன் செய்யும் பணிவிடை அங்கே பேசப்படவில்லை. பதினோராம் அதிகாரம் செய்ந்நன்றியறிதல். அங்கே யாருக்கு யார் நன்றியறிய வேண்டும் என்ற கட்டுப்பாடே இல்லை. பெரியவர் சிறியவருக்கு, பெற்றவர் பிள்ளைக்கு, யாருக்கும் யாரும். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தத் தலைப்பு. பழந்தமிழில் நன்றி என்றால் நன்மை, செய்த நல்லது. 'தேங்க்ஸ்' என்பதற்கு ஈடாக நாம் இன்று சொல்லும் வாய்ச்சொல் இல்லை அது. செய்த நல்லதை அறிவதுதான் அங்கே கேட்கப்படுகிறது. இந்த அதிகாரத்தை எத்தனையோ ஆண்டு நடத்தியவள் நான். 'அறிதல்' என்ற சொல்லைப் பேச்சிழந்து கிடந்தபோதுதான் நின்று பார்த்தேன். சொல்லத்தான் முடியாது, அறியலாமே என்று தோன்றியது. வேறு வேலையும் எனக்கு இல்லை. பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

அறிந்ததைச் சொல்கிறேன்.

முதல் சில வாரங்கள் வெறும் தண்ணீர் எனக்குப் புரையேறும், நுரையீரலுக்குள் போய்விடும். தண்ணீரைக் கெட்டியாக்க ஒரு மாவு உண்டு. கொஞ்சம் கூடினால் பசைபோல் ஆகிவிடும், குறைந்தால் ஆபத்து. அவன் ஒவ்வொரு குவளையையும் கலக்கி, கரண்டியில் சாய்த்து வழிகிறதா என்று பார்த்து, தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பான். நல்ல சுவை இல்லை அதற்கு. ஆனாலும் தினமும் குடித்துப் பார்த்தான்.

கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு என்னை மாற்ற இடுப்பில் ஒரு வார் கட்டுவார்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணித் தூக்குவான். நான்கு என்று நான் சொன்னேன் ஒரு நாள். எண்ணிக்கை மனப்பாடத்தில் இருந்து தானாக வந்தது. அதைப் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து தூக்கும்போது 'ஒண்ணு, ரெண்டு' என்று நிறுத்திவிடுவான்; மூன்று நான் சொல்ல வேண்டும். நான் சொல்லும்வரை தூக்க மாட்டான். எத்தனை முறை குனிந்த முதுகோடு அப்படியே நின்றிருப்பான்! நான் பேசக் கற்றது அங்கேதான்.

குளிப்பாட்டுவது. இதைச் சபையில் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லத்தான் வேண்டும். நான் அவனுக்குத் தாய், அவன் ஆண்பிள்ளை. முதல் மாதம் வீட்டுக்கு வரும் தாதி வாரத்தில் சில நாள்தான் வருவார். மற்ற நாள்? அவன் ஒரு பழைய கைலியை என் கழுத்திலிருந்து போர்த்திவிட்டு, அதன் அடியில் கைவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, என்னிடம் பெர்த் கதை பேசிக்கொண்டே துடைத்துவிட்டான். எனக்குக் கண்ணீர் வந்தது. தண்ணீர் ஊற்றும் நேரம் என்பதால் அவனுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். இன்று தெரிந்துகொள்வான்.

பிறகு தலைமுடி. அரசாங்கத்தின் இல்லப் பராமரிப்பு மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது ஆறு செயல்களைக் கேட்பார்கள்: குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிப்பறைக்குப் போவது, நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இவற்றில் மூன்றுக்காவது எப்போதும் பிறர் உதவி வேண்டும் என்றால் மானியம் உண்டு. 2019இல் மாதம் 200 வெள்ளியாகத் தொடங்கி, 2023 மார்ச் முதல் வருமானத்தைப் பொறுத்து 400 வெள்ளிவரை கொடுத்தார்கள். எங்களுக்கும் கிடைத்தது, உதவியாகவும் இருந்தது. அந்தப் பட்டியலில் தலைவாருவது இல்லை. ஆனால் இடுப்புவரை முடி வைத்திருந்த ஒரு பெண்பிள்ளைக்கு அது பெரிய விஷயம். வெட்டிவிடலாம், சுலபமாக இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். இவன் கைப்பேசியில் காணொளி பார்த்து மூன்று கால் எடுத்துப் பின்னக் கற்றுக்கொண்டான். முதல் பின்னல் காதுக்கு மேலே ஏறி நின்றது. ஒரு மாதத்தில் தேறிவிட்டான். தேங்காய் எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, கறுப்பு ரப்பர் போட்டு முடித்துவிட்டு, கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டுவான். நோயாளியின் முகத்தை அந்த நேரத்தில் மட்டும் நான் அதில் பார்த்ததில்லை.

இப்படி ஒவ்வொன்றாக அறிந்துகொண்டிருந்தபோது, என் அப்பா நினைவுக்கு வந்தார்.

அப்பா திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரர். 1937இல் இருபது வயதில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி இங்கே வந்தார். சிராங்கூன் ரோட்டில் ஒரு மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளைக்கு உதவியாள். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தார்கள். ஊருக்கும் இங்கேயும் கடிதப் போக்குவரத்து நின்றுபோயிற்று. போர் முடிந்து, தபால் மறுபடி வரத் தொடங்கி, 1946இல் அவருக்கு ஊரிலிருந்து முதல் கடிதம் வந்தது. அவருடைய அம்மா, என் அப்பாயி, 1943இலேயே காலமாகிவிட்டார் என்று அதில் எழுதியிருந்தது. மூன்று ஆண்டுகளாக, இறந்துபோன தாய்க்கு என் அப்பா மாதாமாதம் பணம் சேர்த்து வைத்திருந்திருக்கிறார், போர் முடிந்ததும் அனுப்பலாம் என்று. அம்மா எத்தனை நாள் படுக்கையில் கிடந்தார், யார் தண்ணீர் கொடுத்தது, எதுவும் அவருக்குத் தெரியாது. கடைசிவரை தெரிந்துகொள்ளவும் இல்லை.

நான் சிறுமியாக இருந்தபோது எங்களைப் பாசிர் ரிஸ் கடற்கரைக்குக் கூட்டிவருவார். அப்போது இங்கே கம்பங்களும் விடுமுறை பங்களாக்களும்தான். இந்தப் புளோக்குகளெல்லாம் எண்பதுகளில் வரத் தொடங்கியவை. எம்ஆர்டி 1989 டிசம்பரில்தான் வந்தது. பிள்ளைகள் நாங்கள் மணலில் விளையாடுவோம், அப்பா கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். இங்கிருந்து பார்த்தால் உபின் தீவுதான் தெரியும். நம் ஊர் அந்தத் திசையிலேயே இல்லை. அவரும் அதை அறியாதவர் இல்லை. பிறகு நானும் என் கணவரும் 1990இல் இங்கேயே நான்கறை வீடு வாங்கியபோது அப்பா உயிரோடு இல்லை.

வர முடியாத பிள்ளையாக என் அப்பா இருந்தார். வர முடிந்த பிள்ளையாக என் மகன் இருந்தான். நடுவில் இருப்பவள் நான். வர முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். கொவிட் காலத்தில் மேற்கு ஆஸ்திரேலியா ஏறத்தாழ இரண்டு ஆண்டு எல்லையை மூடிவைத்திருந்தது. 2022 மார்ச் 3ஆம் தேதிதான் திறந்தது. நம் அரசாங்கம் தடுப்பூசி போட்டவர்களுக்கு ஏப்ரல் 1 முதல் தனிமைப்படுத்தல் வேண்டாம் என்றது. எனக்கு நோய் வந்தது ஜூனில். ஓராண்டு முன்னால் வந்திருந்தால் அவன் அன்று இரவு என் கட்டிலருகில் நின்றிருக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போய்ப் பாருங்கள். நம் ஊரிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் புல்தரையில் உட்கார்ந்து கைப்பேசியில் அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பார்கள். 2020 ஏப்ரலில் தங்கும் விடுதிகள் மூடப்பட்டபோது அவர்களில் எத்தனை பேர் தாய் தகப்பனைச் சாகக் கொடுத்துவிட்டு இங்கேயே அடைந்து கிடந்தார்கள்! பஃபலோ ரோட்டில் காய்கறி வாங்கும்போது என்னோடு பழகிய ஒரு பையன், தன் அப்பாவின் இறுதிச் சடங்கைக் கைப்பேசியில் பார்த்ததாகச் சொன்னான். "சிக்னல் விட்டு விட்டு வந்துச்சு டீச்சர்" என்றான். அதற்குமேல் பேசவில்லை. என் வீட்டுக்கு இரண்டாம் ஆண்டில் உதவிக்கு வந்த இந்தோனேசியப் பெண்ணும் அப்படித்தான். இங்கே இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான இல்லப் பணிப்பெண்கள் இருக்கிறார்கள். நம் தாய்மாரைத் தூக்கி நிறுத்தும் அந்தக் கைகளுக்குச் சொந்தத் தாயைத் தொட முடியவில்லை. ஊரில் அவளுடைய அம்மா சர்க்கரை நோயாளி. என் மகன் என் தலையைப் பின்னுவதை அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வையைப் பார்த்த பிறகு, 'பிள்ளை என்றால் வரத்தான் செய்வான்' என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்?

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பார்கள். நம் நாட்டில் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. வால்டர் வூன் என்ற சட்டப் பேராசிரியர், நியமன நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தது. 1995 நவம்பரில் நிறைவேறி, 1996இல் நடப்புக்கு வந்தது. 60 வயதைக் கடந்து, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வழியில்லாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இந்தியாவும் 2007இல் இப்படி ஒரு சட்டம் இயற்றியது. கைவிடப்பட்டவர்களுக்கு அந்தச் சட்டம் வேண்டும். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வீடு வாங்குவதிலும் உதவி இருக்கிறது: பெற்றோரோடு சேர்ந்து வாழ மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்கு 30,000 வெள்ளி, நான்கு கிலோமீட்டருக்குள் வாங்கினால் 20,000 வெள்ளி மானியம். இவையெல்லாம் பிள்ளையைப் பெற்றோர் பக்கம் கொண்டுவரும் ஏற்பாடுகள். நல்லவை. பிள்ளை வந்து சேர்ந்தபின் அந்த நான்கு சுவருக்குள் பெற்றவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

நான் எப்போதும் சரியாக நடந்துகொள்ளவில்லை. ஆறாம் மாதம். எனக்குச் சொற்கள் கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கியிருந்தன. முதலில் வந்தவை கோபச் சொற்கள். கஞ்சி சூடாக இருக்கிறது என்று கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். அவன் கையில் கொட்டியது. "போதும்மா, என்னால முடியல" என்று கத்திவிட்டுச் சமையலறைக்குள் போனான். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. வெகுநேரம் அதை மூடவில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுகிறான் என்று தெரிந்தது. 'பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு' என்று நான் வகுப்பில் பழமொழி நடத்தியிருக்கிறேன். அன்று கல்லாக இருந்தது யார் மனம்?

அப்போதுதான் அறிதலின் இன்னொரு பாதி எனக்குப் புரிந்தது. அவன் எனக்குச் செய்ததை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்காக அவன் எதை விட்டான் என்பதை எண்ணவில்லை. அவனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. சம்பளம் இல்லை, மத்திய சேம நிதியில் பணம் ஏறவில்லை. பெர்த்தில் அவனுக்கு நண்பர்கள் இருந்தார்கள், ஞாயிறுதோறும் கிரிக்கெட். அந்த மட்டை அலமாரிக்குப் பின்னால் சாத்திவைத்தபடியே இருந்தது. 2023இல் நம் நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் கணக்கு 0.97க்கு இறங்கிவிட்டது. 2030இல் நம் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். என் மகனைப் போல, மாற்றிவிட அண்ணனோ தங்கையோ இல்லாமல் தனியாக நிற்கப்போகும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

அதன் பிறகு நான் சில காரியங்கள் செய்தேன். பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தவள், வாரத்தில் மூன்று நாள் போக ஒப்புக்கொண்டேன். அந்த மூன்று நாளில் அவன் பகுதிநேர வேலைக்குப் போனான்; பிறகு முழுநேரமும் ஆயிற்று. பேச்சு ஓரளவு திரும்பியதும், எல்பிஏ பத்திரத்தில் கையெழுத்திட்டேன், இடக்கையால்தான். நான் முடிவெடுக்க முடியாத நிலைக்குப் போனால் என் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்று நாம் தெளிவோடு இருக்கும்போதே எழுதிவைப்பது அது. எனக்கு மறுபடி ஒரு முறை வந்தால் குழாய் போட வேண்டுமா, எங்கே இருக்க விரும்புகிறேன் என்றெல்லாமும் சொல்லிவைத்தேன். பாதி இரவில் ஒரு தாழ்வாரத்தில் நின்று அவன் தனியாகத் தீர்மானிக்க வேண்டிய நிலை வரக்கூடாது. அவனுக்கு நான் கொடுக்க முடிந்தது இவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோய்ப்படுக்கையைப் பற்றி நாம் படித்தவை எல்லாம் அருகில் இருந்தவர்கள் எழுதியவை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876 பிப்ரவரி 1ஆம் தேதி திருவாவடுதுறையில் காலமானார். கடைசி நேரத்தில் அவரோடு இருந்தவர்கள் மாணவர்கள். சவேரிநாத பிள்ளை என்ற கிறித்தவ மாணவர் அவரைத் தாங்கிக்கொண்டார். இருபது வயது சாமிநாதன் அருகில் இருந்து திருவாசகம் படித்தார். அந்த சாமிநாதன் உ.வே.சா. ஆகி எழுதிவைத்ததால் நமக்கு அது தெரியும். தாங்கிப் பிடித்த கைகளைப் பற்றிச் சாய்ந்திருந்தவர் என்ன நினைத்தார் என்பது தெரியாது. ராஜாஜியின் மகள் நாமகிரி இளவயதில் கணவரை இழந்து தந்தையிடம் வந்தவர். ராஜாஜி கல்கத்தாவில் ஆளுநரானபோதும், 1948இல் டெல்லியில் கவர்னர் ஜெனரலானபோதும் உடன் சென்று வீட்டைப் பார்த்துக்கொண்டார். முதுமையிலும் தந்தைக்குத் துணையாக இருந்தார். அவ்வளவு பெரிய மனிதரின் வரலாற்றில் அந்த மகளுக்குக் கிடைத்த வரிகள் எத்தனை? படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து வந்து பேசுவது அபூர்வம். எனக்குப் பேச்சு திரும்பியிருக்கிறது. அதனால்தான் உங்கள் அழைப்பை ஏற்றுக்கொண்டேன்.

இங்கே பிள்ளைகள் வர முடியாத பெற்றோரும் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் பிள்ளையோடு என் பிள்ளையை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி நான் இதைப் பேசவில்லை. வர முடியாத பிள்ளையின் மகள் நான். அப்பா கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவள்.

என் மகன் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறான், கடைசி வரிசையில். வீட்டில் நான் இந்தப் பேச்சை எடுத்தால் "விடும்மா" என்று எழுந்து போய்விடுவான். உங்கள் அனுமதியோடு அவனிடம் ஒரு வார்த்தை.

தம்பி, நான் சாங்கியிலிருந்து சமூக மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்கு வந்த முதல் இரவு உனக்கு நினைவிருக்கிறதா? நீ உன் அறைக்குப் போகவில்லை. என் கட்டில் காலடியில் தரையில் பாய் போட்டுப் படுத்தாய். மணி மூன்று இருக்கும். நீ அயர்ந்து தூங்கிவிட்டாய், நான் விழித்திருந்தேன். மின்விசிறி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. போர்வை உன் கால்வரைக்கும் எட்டவில்லை, சின்ன வயதில் படுப்பதுபோல் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தாய். எழுந்து வந்து இழுத்துவிட நினைத்தேன். கை வரவில்லை. உன்னைக் கூப்பிடப் பெயரும் வரவில்லை. விடியும்வரைக்கும் உன் காலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், கண்ணு.